‘அப்புறம் சொல்கிறேன்’ என்று கை காட்டாதீர்கள்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், ஆறு மாதமாகச் சைகை மொழி கற்கும் தம்பி ஒருவர், காது கேளாத நண்பருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று நண்பர் கேட்டதற்கு, ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்று கை காட்டிவிட்டுத் தம்பி இலையைப் பார்க்க ஆரம்பித்தார். பழகும் காலத்தில் நானும் இதையேதான் செய்தேன். ‘ஊமை’, ‘செவிடு’ என்று சொல்லக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். சைகை மொழி பழகுகிறவர்கள் செய்யும் வேறு சில தவறுகளைச் சொல்கிறேன்.

சுருக்கிச் சொல்வது

இதைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடிவதில்லை.

ஒரு அக்காவோடு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனால் திரும்ப வரலாம், கர்ப்பப்பையையே எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டர் பத்து நிமிடம் விளக்கினார். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் சொல்லாத தம்பி, பயந்துருவா" என்றார். நானும் ‘ஆபரேஷன், பயப்பட வேண்டாம்’ என்று முடித்துவிட்டேன். கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று அம்மா சொன்னார், காட்டிய இடத்தில் அக்கா கையெழுத்துப் போட்டார். சில மாதம் கழித்து வேறொரு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொன்னபோதுதான், இரண்டு வழி இருந்தது அவருக்குத் தெரிந்தது. "என் உடம்பு. எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். அதன்பின் என்னைக் கூப்பிடவே இல்லை.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலானோர் பிறப்பது காது கேட்கும் பெற்றோருக்குத்தான். சாப்பாடு, மருந்து, வா, போ என்ற அளவுக்கு வீட்டுச் சைகை இருக்கும். சித்தப்பா ஏன் வருவதில்லை, நிலத்தை ஏன் விற்றார்கள் என்பதெல்லாம் ‘அப்புறம்’தான். அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. இருபது பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் தனியாக இருந்து வளர்ந்தவர்கள், தங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டால் கடை சாத்திய பிறகும் தெருவிளக்குக்கு அடியில் நின்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அங்கேதான் யாரும் எதையும் சுருக்குவதில்லை. நீங்களும் சுருக்கினால், அவருடைய வீட்டில் இன்னொரு சொந்தக்காரர் ஆகிவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

அதனால் சிரிப்பையும் சொல்லுங்கள், அரட்டையையும் சொல்லுங்கள். ‘சொல்லாத’ என்று அம்மா சொன்னால், அதையும் சைகையில் சொல்லுங்கள்.

தமிழை அப்படியே கைக்கு மாற்றுவது

இந்திய சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. ‘நீ எங்கே போகிறாய்’ என்பதில் ‘எங்கே’ கடைசியில் வரும். அது கேள்வி என்பதைப் புருவமும் சேர்ந்து சொல்லும். முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டால் பாதி போச்சு.

அவருக்காகப் பதில் சொல்வது

அவருடைய வயதை யாராவது உங்களிடம் கேட்டால், தெரிந்தாலும் சொல்லாதீர்கள். அவரைக் கேளுங்கள்.

‘காதுல மிஷின் மாட்டியாச்சே, எதுக்குச் சைகை’ என்பவர்களுக்குத் தலையாட்டுவது

1880இல் இத்தாலியின் மிலானில், காது கேளாதோர் கல்விக்கான உலக மாநாட்டில் கூடிய ஆசிரியர்கள், பெரும்பாலும் காது கேட்பவர்கள், பள்ளிகளில் சைகையை ஒதுக்கிப் பேச்சைத் திணிக்க முடிவெடுத்தார்கள். அதே மாநாடு 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியபோது அதற்கு வருத்தம் தெரிவித்தது. நடுவில் 130 வருடம், எத்தனை பிள்ளைகள். தலையாட்டாதீர்கள்.

பெயர்ச் சைகையை நீங்களே வைத்துக்கொள்வது

ஒருவரைக் குறிக்கப் பெயருக்குப் பதிலாகக் காட்டும் சைகை அது. நீங்களே வைக்க வேண்டாம். காது கேளாத நண்பர்கள் வைப்பார்கள். எனக்கு இரண்டு வருடம் ஆனது, கன்னத்து மச்சத்தைப் பார்த்து வைத்தார்கள்.