கடையில் கிடைக்காத மிளகாயை மொட்டை மாடியில் வளர்ப்பது எப்படி?

கோயம்பேடு சந்தையில் மிளகாய்க்குப் பஞ்சம் இல்லை. நீட்டு மிளகாய், குண்டு மிளகாய், பஜ்ஜி மிளகாய், குடை மிளகாய் என்று எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுச் சென்னைக்குத் திரும்பியவர்கள் தேடும் ஹபனேரோவோ, பொப்லானோவோ, பெரு நாட்டின் அஹி அமரில்லோவோ அங்கே இருக்காது. ஹாலபீனோ மட்டும் வினிகரில் ஊறிய துண்டுகளாகப் புட்டியில் கிடைக்கும். இங்கிருந்து வெளிநாடு போனவர்களுக்கோ ராமநாதபுரம் முண்டு என்ற குண்டு மிளகாயும் காந்தாரியும் புதுக் காயாகக் கண்ணில் படுவதில்லை.

இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: தொட்டியில் வளர்த்துக்கொள்ளுங்கள். காரம் எந்த மிளகாயிலும் கிடைக்கும். மணம் அந்தந்த மிளகாய்க்கே உரியது. பழுத்த ஹபனேரோவை நறுக்கும்போது எழுகிற பழவாசனையை, பச்சை மிளகாயை எவ்வளவு அள்ளிப்போட்டாலும் கொண்டுவர முடியாது. மாங்காய்த் தொக்கில் ஒரே ஒரு ஹபனேரோ சேர்த்துப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

படி 1: எந்த இனம் என்று பாருங்கள்

விதை விற்பவர்கள் மிளகாயின் பெயரையும் கார அளவையும் பெரிதாகப் போடுவார்கள். தொடங்குபவர் அவற்றை இரண்டாவதாகப் பார்த்தால் போதும். எத்தனை நாளில் முளைக்கும், சென்னையின் வெப்பத்தைத் தாங்குமா, எப்போது காய்க்கும் என்பதையெல்லாம் முடிவுசெய்வது இனம்.

மனிதர்கள் பயிரிடும் மிளகாய் ஐந்து இனங்களில் அடங்கிவிடும். நம் குண்டு, சம்பா, குடை மிளகாய்களும், ஹாலபீனோ, பொப்லானோ, செரானோவும் அன்னுவம் என்ற ஒரே இனம். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் எளிது. காந்தாரி ஃப்ருட்டெசென்ஸ் இனம். காய் வானத்தைப் பார்த்து நிற்கும். ஹபனேரோவும் வடகிழக்கின் பூத் ஜொலோகியாவும் சைனென்ஸ் பக்கம். பூத் ஜொலோகியாவில் ஃப்ருட்டெசென்ஸ் கலப்பும் உண்டு. அஹி அமரில்லோ பக்காட்டம். ஐந்தாவதான ப்யூபெசென்ஸில் வருவது ரொக்கோட்டோ. ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளர்ந்து பழகிய அந்தச் செடியைச் சென்னையில் வைக்காதீர்கள். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ உறவினர் வீடு இருந்தால் விதையை அங்கே கொடுத்துவிடுங்கள்.

வாங்கிய விதை சொன்ன இனம்தானா என்பதைப் பூ காட்டிக்கொடுக்கும். அன்னுவத்தில் பெரும்பாலும் கணுவுக்கு ஒரு வெள்ளைப் பூ. சைனென்ஸில் ஒரே கணுவில் இரண்டு மூன்று பூக்கள் தலைகுனிந்து தொங்கும். காம்பு காயோடு சேரும் இடத்தில் நூலால் இறுக்கிக் கட்டியதுபோல் ஒரு சுருக்கமும் தெரியும். பக்காட்டத்தின் வெள்ளை இதழ்களில் மஞ்சள்-பச்சைத் திட்டுகள் இருக்கும். ப்யூபெசென்ஸின் பூ ஊதா, விதை கறுப்பு.

படி 2: விதையை நேர்வழியில் பெறுங்கள்

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் விதைப் பொட்டலம் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2003ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்பு ஆணைப்படி, விதையை இந்தியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மிளகாய் விதையோடு நச்சுயிர் நோய்கள் பயணம் செய்யக்கூடியவை. நம் மாடியில் ஒரு செடி பிழைப்பதற்காக ராமநாதபுரத்து விவசாயியின் வயலை ஆபத்தில் தள்ளக் கூடாது.

உள்நாட்டிலேயே போதுமான வழிகள் இருக்கின்றன. ஹாலபீனோ, ஹபனேரோ விதைகளை இந்திய விதை விற்பனையாளர்களே இணையத்தில் விற்கிறார்கள். பொட்டலத்தில் உற்பத்தித் தேதியைப் பாருங்கள். பழைய மிளகாய் விதையின் முளைப்புத்திறன் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும். 'எஃப் 1' என்று எழுதியிருந்தால் அது வீரிய ஒட்டு விதை. நன்றாகக் காய்க்கும், ஆனால் அந்தக் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப்போல் வராது. வேண்டிய மிளகாயை ஆண்டுதோறும் தொடர நினைப்பவர்கள் வீரிய ஒட்டு அல்லாத ரகமாகவே வாங்குங்கள்.

பூத் ஜொலோகியா நம் நாட்டுச் செடி. 2007இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸ் ஏற்றது. காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் அது பத்து லட்சத்துக்கு மேல். ஹாலபீனோவுக்கு அதிகபட்சம் எட்டாயிரம் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நாகாலாந்தின் நாகா மிளகாய்க்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

காய்ந்த மிளகாயிலிருந்தும் விதை எடுக்கலாம். வெயிலில் உலர்த்தியது பெரும்பாலும் முளைக்கும். வறுத்ததும் புகையில் வாட்டியதும் முளைக்காது. ஆகவே புகையில் உலர்த்திய ஹாலபீனோவான சிபோட்லேயை வாங்கி விதைத்துப் பயனில்லை. பச்சைக் காயின் விதை முற்றாதது. கடையில் ஹாலபீனோ புதுக் காயாகக் கிடைத்தால், சிவக்கத் தொடங்கிய காயாகத் தேடி எடுத்து, முழுதும் சிவக்கும்வரை சமையலறையில் வைத்திருந்து பிறகு விதையை எடுங்கள்.

படி 3: பட்டம் பார்த்து விதையுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது. செடி வளர்வதற்குச் சென்னையில் எந்த மாதமும் தடையில்லை. பூ காயாவதற்குத்தான் தடை. இரவு வெப்பம் 24 டிகிரியைத் தாண்டி நீடித்தாலும், பகல் 35ஐத் தாண்டினாலும் மிளகாய்ப் பூ உதிரத் தொடங்கிவிடும். மே மாதத்தில் நம் ஊர் இரவே 27, 28 டிகிரியில் நிற்கிறது. அதனால்தான் பிப்ரவரியில் ஆசையாக விதைத்தவர்கள் மே மாதம் பச்சைப்பசேல் என்று செடியும், அடியில் கொட்டிய பூவுமாகக் கவலைப்படுகிறார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கும்படி கணக்கிடுங்கள். ஹபனேரோ, பூத் ஜொலோகியா போன்றவை முளைக்கவே மூன்று நான்கு வாரம் எடுக்கும் என்பதால் ஜூலை தொடக்கத்தில் விதைக்க வேண்டும். ஹாலபீனோ, பொப்லானோவுக்கு ஆகஸ்ட் தொடக்கம்வரை நேரம் இருக்கிறது. அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செடி வளர்ப்புப் பையில் வேர்பிடித்திருக்க வேண்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது மெக்சிகோ மிளகாய்க்கும் பொருந்துவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

படி 4: முளைக்க வைத்தல்

குளிர் நாடுகளில் இருப்பவர்கள் விதை முளைக்க மின்சார வெப்பப் பாய் வாங்குகிறார்கள். மிளகாய் விதைக்கு வேண்டிய 25 முதல் 30 டிகிரி வெப்பம் நமக்கு அறையிலேயே கிடைக்கிறது.

விதையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சமமாகக் கலந்து குழித்தட்டில் நிரப்பி, குழிக்கு ஒரு விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் வையுங்கள். கலவையை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வர வேண்டும். தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். நாற்றழுகல் வந்து, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று தண்டின் அடி சுருங்கிச் சாய்ந்துவிடும். தட்டின்மேல் ஒளிபுகும் மூடி போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்து, தினமும் சற்றே திறந்து மூடுங்கள்.

அன்னுவம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்தில் முளைக்கும். சைனென்ஸ் மூன்றாவது வாரத்திலும் அசையாமல் கிடக்கலாம். குழியைக் கிளறிப் பார்க்காதீர்கள். முளை வந்ததும் மூடியை எடுத்துவிட்டு இளவெயிலுக்கு மாற்றுங்கள்.

படி 5: பை, மண், தண்ணீர்

விதைத்து ஆறேழு வாரத்தில், ஆறு இலை வந்த நாற்றை 12 அங்குல வளர்ப்புப் பைக்கு மாற்றுங்கள். அதற்கு முன் ஒரு வாரம், வெயிலில் வைக்கும் நேரத்தை நாளுக்கு நாள் கூட்டிப் பழக்குங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. செங்கல் இரண்டின்மேல் பையைத் தூக்கி வைத்தால் மழைக்காலத்தில் அடியில் நீர் தேங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் பைகளை மாடிப்படி அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள்; 2023 டிசம்பரின் மிக்ஜாம் மழை எந்தச் செடியாலும் தாங்கக்கூடியது அல்ல.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மிளகாய்க்கு உப்பு ஆகாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல வீடுகளில் உவர்ப்பாக இருக்கிறது. பையின் விளிம்பில் வெள்ளைப் பொருக்கு படிந்து, இலையின் ஓரம் கருகினால் காரணம் அதுதான். மெட்ரோ தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ ஊற்றுங்கள். உவர்நீரைத் தவிர வேறு வழியில்லை என்றால், நல்ல நீர் கிடைக்கும் நாளில் பையின் அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் செடிக்கு ஊற்றுகிறார்கள். அந்த நீரில்தான் உப்பு செறிந்திருக்கிறது. அது தரை கழுவ மட்டும் இருக்கட்டும்.

படி 6: இலை சுருண்டால்

சுருளும் திசையைப் பாருங்கள். இலையின் ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இலைப்பேனுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் நன்றாக வேலை செய்யும். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகம் தெளிக்காதீர்கள், இலை கருகிவிடும்.

இலை சிறுத்து, நரம்பு தடித்து, செடி முழுவதும் குறுகிப்போனால் அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நச்சுயிர். அதற்கு மருந்து கிடையாது. மற்றவற்றைக் காப்பாற்ற அந்தச் செடியை உடனே பிடுங்கிவிடுங்கள். வெள்ளை ஈ வந்திருப்பதை முன்கூட்டியே அறிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுவது நல்லது.

படி 7: பறித்தலும் விதை சேர்த்தலும்

நாற்றைப் பைக்கு மாற்றியதிலிருந்து ஹாலபீனோவுக்கு இரண்டரை மாதம், ஹபனேரோவுக்கு மூன்று மாதத்துக்கு மேல். ஹாலபீனோவின் தோலில் மெல்லிய பழுப்புக் கீறல்கள் தோன்றினால் நோய் என்று பயப்படாதீர்கள். காய் முற்றியதன் அடையாளம் அது. சதை தடித்த காய் என்பதால் நம் ஈரக்காற்றில் வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை பிடிக்கும். பஜ்ஜி போடுங்கள், ஊறுகாய் போடுங்கள்.

காரம் குவிந்திருப்பது விதைகளைத் தாங்கும் வெள்ளைத் தசையில். பூத் ஜொலோகியாவைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கையில் எரிச்சல் வந்தால் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்பால் கழுவுங்கள். வாயில் என்றால் தயிர்.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காயாகும், ஆனால் தேனீக்கள் பக்கத்துச் செடியின் மகரந்தத்தையும் கொண்டுவரும். விதைக்காக வைத்திருக்கும் கிளையில், மொட்டு விரியுமுன் மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டுங்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றி, காம்பில் வண்ண நூல் கட்டி அடையாளம் வையுங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

கனடாவில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டாள்: "அண்ணா, திரும்பிப் போகும்போது முண்டு மிளகாய் விதை எடுத்துக்கொண்டு போகட்டுமா?" "வேண்டாம்மா, உன் ஊர்த் தமிழ்க்கடையிலேயே இருக்கிறது" என்றேன். ஸ்கார்பரோ போன்ற இடங்களில் இந்திய, இலங்கைத் தமிழர் கடைகளில் காய்ந்த குண்டு மிளகாய் விற்கிறார்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் இன்னும் நல்லது. உணவுப்பொருளாக முறைப்படி வந்த அந்தப் பொட்டலத்தை உடைத்து, பத்து விதையை ஈரத் தாளில் மடித்து வையுங்கள். நீராவியில் கிருமி நீக்கிய மிளகாயாக இருந்தால் ஒன்றுகூட முளைக்காது. வேறு நிறுவனப் பொட்டலம் வாங்குங்கள்.

கடைசி உறைபனிக்கு எட்டு வாரம் முன்பு, வீட்டுக்குள் வெப்பப் பாயின்மேல் விதையுங்கள். வெளியே இரவு வெப்பம் 12, 13 டிகிரிக்குக் கீழே போகாத பருவத்தில்தான் தொட்டியை வெளியே வைக்க வேண்டும். மிளகாய் பல ஆண்டு வாழும் செடி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இலையுதிர் காலத்தில் கிளைகளை ஒரு சாண் அளவுக்குக் கவாத்து செய்து, வேர்மண்ணோடு சிறு தொட்டிக்கு மாற்றி, ஜன்னலோரம் வைத்து, மண் நன்றாக உலர்ந்த பிறகே தண்ணீர் ஊற்றிவந்தால், அடுத்த கோடையில் புதிதாக விதைத்த செடிகளுக்கு முன்பாகவே அது காய்க்கத் தொடங்கும்.