ஈபி-1ஏ மனுவுக்குச் சான்று சேர்ப்பது எப்படி?

அமெரிக்காவில் அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான ஈபி-1ஏ பிரிவில் கிரீன் கார்டுக்கு மனுப் போட, வேலை கொடுக்கும் கம்பெனி தேவையில்லை. ஐ-140 படிவத்தை நமக்கு நாமே போடலாம். நான் மருத்துவ ஸ்கேன்களை அலசும் மென்பொருள் எழுதுகிறவன்; அப்படித்தான் போட்டேன். படிவம் நிரப்புவது சுலபம். காகிதம் சேர்ப்பதுதான் பெரிய வேலை.

நோபல் பரிசு, ஒலிம்பிக் பதக்கம் மாதிரி ஒன்று கையில் இருந்தால் அதுவே போதும். மற்ற நமக்கெல்லாம், விதியில் சொல்லியிருக்கும் பத்து வகைச் சான்றுகளில் குறைந்தது மூன்று தேற வேண்டும். கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டு ஏழெட்டு வகை காட்ட ஆசைப்படாதீர்கள். கசாரியன் என்பவரின் வழக்கில் 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, மனுவைப் பார்க்கும் குடியேற்ற அதிகாரி இரண்டு கட்டமாகப் பார்க்கிறார்: முதலில் எத்தனை வகை தேறுகிறது என்று, அப்புறம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, இந்த ஆள் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று. உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்த சான்றிதழ்கள் இரண்டாம் கட்டத்தில் நல்லவற்றின் மதிப்பையும் குறைத்துவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடுகிறவர்களுக்கு 'நடுவர்' என்ற வகை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அழைப்பு மெயில் மட்டும் செல்லாது. மதிப்பிட்டு முடித்ததற்கு அத்தாட்சி வேண்டும். 'உங்கள் மதிப்புரை கிடைத்தது, நன்றி' என்று ஜர்னல் அனுப்பும் மெயிலை அன்றைக்கே பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஆபீஸ் முகவரியைக் கொடுத்திருந்தால், வேலை மாறிய அன்றே அந்த மெயில்களும் கைவிட்டுப் போய்விடும்.

பத்திரிகைச் செய்தி என்றால் அது உங்களையும் உங்கள் வேலையையும் பற்றியதாக இருக்க வேண்டும், கம்பெனியைப் பற்றி அல்ல. தலைப்பு, தேதி, எழுதியவர் பெயர் மூன்றும் கேட்பார்கள். செய்தியை மட்டும் கத்தரித்து வைத்தால் தேதி போச்சு; முழுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். என்னைப் பற்றி ஒரு தமிழ் நாளிதழில் வந்த செய்தியில் 'நமது நிருபர்' என்றுதான் இருந்தது! எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு ஆசிரியர் குழுவிடம் ஒரு கடிதம் வாங்கிச் சேர்த்தேன். தமிழ்ச் செய்திக்கு முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது முழுமையானது, சரியானது, தனக்கு அந்த மொழிகளில் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் கட்டாயம்.

சிபாரிசுக் கடிதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'இவர் அபாரத் திறமைசாலி' என்று பழைய மேலாளர் பக்கம் பக்கமாக எழுதினாலும் பயனில்லை. உங்களோடு வேலை பார்த்திராத ஒருவர், 'இவருடைய முறையை எடுத்துக்கொண்ட பிறகு, கட்டியின் எல்லையைக் கையால் வரைவதை எங்கள் ஆய்வகத்தில் நிறுத்திவிட்டோம்' என்று எழுதினால் அது கடிதம். அதற்குத் துணையாக அவர்களுடைய கட்டுரையில் உங்கள் முறையைப் பயன்படுத்திய பத்தியை மஞ்சளில் கோடிட்டு இணையுங்கள். உங்கள் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்ற வெறும் சைட்டேஷன் எண்ணிக்கையை விட அந்த ஒரு பத்தி பேசும்.

அதிகச் சம்பளத்தைக் காட்டுவதானால் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி கம்பெனி தரும் டபிள்யூ-2 படிவங்களோடு, அதே ஊரில் அதே வேலைக்கான தொழிலாளர் துறைப் புள்ளிவிவரத்தையும் வையுங்கள்.

இதே கோப்பு, அசாதாரணத் திறமை உள்ளவர்கள் தற்காலிகமாக வேலை பார்க்க வரும் ஓ-1ஏ விசாவுக்கும் பெரும்பாலும் பயன்படும். அங்கே எட்டு வகையில் மூன்று. ஆனால் அதை நாமே போட முடியாது. அமெரிக்க நிறுவனமோ ஏஜென்டோதான் போட வேண்டும்.