சிறிய ஒயின் ஆலைகளில் ஓராண்டு உழைப்பைப் பறிக்கும் தவறுகள்

சென்ற மே மாதத்தில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, செனிகா ஏரியின் மேற்குக் கரையில் உள்ள ஒரு குடும்ப ஒயின் ஆலையின் முற்றத்தில் பாட்டிலிங் லாரி வந்து நின்றது. புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஃபில்டர் குழாயை லாரியுடன் இணைத்துவிட்டு, நேற்று மாலையே ஃபில்டரைச் சோதித்தாகிவிட்டது, உடனே தொடங்கலாம் என்றார். அதே சொற்களை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அதனால் விளைந்த இழப்பு இன்றும் நெஞ்சில் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

செனிகா, கியூகா முதலிய ஏரிகள் உள்ள, நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில் இத்தகைய சிறிய ஆலைகள் பெருகியதற்கு 1976-இல் வந்த பண்ணை ஒயின் ஆலைச் சட்டமே முக்கியக் காரணம். திராட்சை பயிரிடும் குடும்பமே ஒயினும் செய்து, வாசலுக்கு வரும் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க அது வழி செய்தது. எனக்குச் சொந்த ஊர் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே பன்னீர் திராட்சை தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்துக் காலத்தை மாற்றி ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது; ஒரு போகத்தில் நேர்ந்த பிழையை அடுத்த போகத்தில் ஈடுசெய்துவிடலாம். இங்கே செப்டம்பர், அக்டோபரில் வரும் ஒரே அறுவடைதான் ஆண்டு வருமானம். டேங்கைச் சரியாகக் கழுவாதது, சூடு பார்க்காமல் ஈஸ்ட் கரைத்தது போன்ற பிழைகளை எவரும் முதல் அறுவடையிலேயே திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

மண் அணைக்காமல் குளிர்காலத்துக்குள் போவது

1951-இல் அமெரிக்கா வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க், ஐரோப்பியத் திராட்சை இந்தக் குளிரில் பிழைக்காது என்று மற்றவர்கள் நம்பியிருந்த காலத்தில், குளிர் தாங்கும் வேர்ச்செடிகளில் அவற்றை ஒட்டுக்கட்டி வளர்த்துக் காட்டி, 1962-இல் கியூகா ஏரிக்கரையில் தம் ஆலையைத் தொடங்கினார். அவர் குடும்பத்தின் நான்காம் தலைமுறை இன்று அந்த ஆலையில் இருக்கிறது. ஒட்டுக்கட்டிய செடிக்கு ஒட்டுப் பகுதிதான் பலவீனமான இடம். இலையுதிர் காலத்தின் இறுதியில் அதன் மேல் மண்ணை அணைத்து மூடவேண்டும்; வசந்தத்தில் அதே மண்ணை விலக்கவேண்டும். விலக்க மறந்தால் மேல்செடியிலிருந்தே வேர் விட்டு, ஒட்டுக்கட்டியதன் பயன் கெட்டுவிடும். செனிகா ஏரி 188 மீட்டர் ஆழமுள்ளது, அது எளிதில் உறைவதில்லை, அதன் வெப்பம் சரிவுகளைக் காக்கிறது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 2023 மே 18 அதிகாலையில் விழுந்த உறைபனி, ஏரிகளுக்கு அருகில் இருந்த தோட்டங்களிலும் தளிர்களைக் கருக்கியது.

சர்க்கரை அளவை மட்டும் பார்த்து அறுவடை செய்வது

பழத்தை வாயில் போட்டு, தோலையும் விதையையும் மென்று பாருங்கள். கருவி காட்டும் எண் அதற்குப் பிறகுதான்.

வகைகளைப் பெருக்குவது

ஆறு ஹெக்டேர் தோட்டத்தை வைத்துக்கொண்டு பதினைந்து வகை ஒயின் விற்க முயலும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஒயினைச் சுவைத்துப் பார்த்து வாங்கும் சுவைக்கூடத்துக்கு வருபவர் கேட்பது எல்லாம் இருக்கவேண்டும் என்ற எண்ணத்தில் இது தொடங்குகிறது. ஒவ்வொரு வகைக்கும் தனி டேங்க், தனி லேபிள், தனிக் கணக்கு என்று வளர்ந்து, ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்குச் செலுத்தவேண்டிய கவனத்தை அது தின்றுவிடுகிறது. ஜெர்மனியின் மோசல் பகுதியிலிருந்து வந்த ஹெர்மன் வீமர் 1979-இல் செனிகா கரையில் ஆலை தொடங்கியபோது, ரீஸ்லிங்கையே தம் பணியின் மையமாக வைத்துக்கொண்டார். அந்த உறுதி சிறிய ஆலைக்குப் பெரிய பலம் என்பது என் எண்ணம்.

சோதிக்காத ஃபில்டர் வழியாக இனிப்பு ஒயினை பாட்டிலில் அடைப்பது

இங்கே விற்கும் ரீஸ்லிங்கில் பெரும்பகுதி சற்றே இனிப்பானது. அதாவது, ஈஸ்ட் உண்ணாமல் விட்ட சர்க்கரை அதில் மிஞ்சியிருக்கும். ஒரு பாட்டிலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் சில செல்கள் புகுந்தாலும் போதும், அவை அந்தச் சர்க்கரையில் பெருகி மீண்டும் நொதிக்கத் தொடங்கும். இதைத் தடுக்கத்தான் 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வு ஃபில்டரைக் கடைசியாக வைக்கிறோம். அந்தச் சவ்வு கிழிந்திருந்தாலோ, அதன் அடியில் உள்ள ரப்பர் வளையம் மடிந்திருந்தாலோ, ஃபில்டர் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

சிறிய குடும்பங்களால் சொந்தமாக பாட்டிலிங் இயந்திரம் வாங்க இயலாததால், லாரியில் பொருத்திய இயந்திரத்தை நாள் வாடகைக்கு வரவழைப்பார்கள். லாரி வந்து நின்ற நிமிடத்திலிருந்து எல்லோருக்கும் பரபரப்புத் தொற்றிக்கொள்ளும். நான் ஒரு சிறிய ஆலையில் பாதாள அறைப் பொறுப்பில் இருந்த முதல் ஆண்டில், முந்தைய மாலை ஃபில்டரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. மறுநாள் காலை, 82 பாகை வெந்நீரை இருபது நிமிடம் ஓடவிட்டுக் கிருமி நீக்கும்போது ஃபில்டர் கூட்டின் அடியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. கூட்டைத் திறந்து, ஃபில்டரைக் கழற்றித் திரும்ப மாட்டி மூடினேன். ஒழுகல் நின்றது. மறுபடி சோதிக்கவில்லை. மாலையில் பாட்டிலிங் முடிந்த பிறகும் சோதிக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஜூலையில், சுவைக்கூடத்தில் வேலை செய்த பெண்மணி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கார்க் நகக்கண் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. திறந்தபோது சோடாவைப் போலச் சீறியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பாட்டிலின் அடியில் அரிசி மாவைத் தூவியது போல மெல்லிய படிவு தெரிந்தது. ஃபில்டர் கூட்டைத் திறந்து பார்த்தேன். அன்று காலை நான் அவசரமாகத் திரும்ப மாட்டியபோது ரப்பர் வளையம் மடிந்து, ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தது.

அந்த டேங்க் 3,000 லிட்டர்; பாட்டில் கணக்கில் 4,000. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டில்கள் விற்பனையாகியிருந்தன. ஷாம்பெயின் செய்பவர்கள் இரண்டாம் நொதிப்புக்கு லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். அதிலிருந்து ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். அதைத் தாங்கவே அவர்களுடைய பாட்டில் அவ்வளவு தடிமனாக இருக்கிறது. எங்கள் ரீஸ்லிங்கில் லிட்டருக்கு 14 கிராம் சர்க்கரை இருந்தது. பாட்டிலோ சாதாரண மெல்லிய கண்ணாடி. வாங்கியவர்கள் வீட்டில் அது வெடித்தால் என்ன ஆகும் என்ற அச்சத்தில் ஆலையின் உரிமையாளரும் அவர் மனைவியும் ஐந்து இரவுகள் உட்கார்ந்து, வாங்கியவர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைத்தார்கள். மீதி பாட்டில்களை முகக்கவசமும் தடித்த கையுறையும் அணிந்து கையால் திறந்து டேங்கில் கொட்டினோம். காற்றுப் பட்டு மணம் போன அந்த ஒயின், காய்ச்சி வடிக்கும் ஒருவரிடம் மிகக் குறைந்த விலைக்குப் போனது. உரிமையாளர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அந்த ஆண்டு வாங்குவதாக இருந்த டிராக்டரை அவர் வாங்கவில்லை.

சோதனை என்பது இவ்வளவுதான்: சவ்வை நன்றாக நனைத்து, உள்பக்கத்தில் நைட்ரஜன் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி, வெளிக்குழாயின் முனையை ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கவேண்டும். தயாரிப்பாளர் குறித்துள்ள அழுத்தத்துக்கு முன்பே குமிழிகள் தொடர்ச்சியாக வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. வெந்நீர் ஓடிய பின் ஒரு முறை, பாட்டிலிங் முடிந்த பின் ஒரு முறை இதைச் செய்யவேண்டும். இரண்டாவது சோதனையில் தவறு தெரிந்தால், பெட்டிகள் இன்னும் நம் கிடங்கிலேயே இருக்கும்.

இதைத் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ஒயின் பளிங்கு போலத் தெளிவாக இருக்கிறது என்பார்கள். ஒரு மில்லிலிட்டரில் ஆயிரக்கணக்கான ஈஸ்ட் செல்கள் இருந்தாலும் கண்ணுக்கு அது தெளிவாகவே தெரியும். பொட்டாசியம் சார்பேட் சேர்த்திருக்கிறோம் என்பார்கள். அது ஈஸ்ட் பெருகுவதைத் தடுக்குமே தவிர ஈஸ்டைக் கொல்லாது. லாக்டிக் பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டால் சார்பேட்டிலிருந்தே ஜெரேனியம் இலையைக் கசக்கியது போன்ற, எந்த வழியிலும் நீக்க முடியாத வாடை உண்டாகும். லாரிக்காரர் காத்திருக்கிறார் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான காரணம். ஓராண்டு முழுவதும் பாடுபட்ட குடும்பத்தின் பக்கம் நிற்கவேண்டிய நாம், ஒரு நாள் வாடகைக்கு வந்த இயந்திரத்தின் பக்கம் நிற்கக்கூடாது.

பிஎச் பார்க்காமல் சல்ஃபர் டை ஆக்சைடு சேர்ப்பது

ஒயினைக் கெடாமல் காக்கும் இந்தப் பொருளை எல்லா டேங்குக்கும் ஒரே அளவு என்று வாய்ப்பாடாக வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரே பாதுகாப்பைப் பெற, பிஎச் 3.2 உள்ள ரீஸ்லிங்குக்கு லிட்டருக்கு 21 மில்லிகிராம் கட்டற்ற (ஒயினில் வேறு பொருள்களுடன் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு போதும், பிஎச் 3.5 உள்ள ஒயினுக்கு ஏறத்தாழ 40 தேவை. அளக்காமல் போட்டால் ஒன்றில் தீக்குச்சி வாடை வரும், மற்றொன்று கெட்டுப்போகும்.

டேங்கைப் பாதி நிரப்பி விடுவது

வேண்டவே வேண்டாம்.

டேங்குக்குள் தனியாக இறங்குவது

உள்ளே கரியமில வாயு தங்கியிருக்கும், உயிர் போய்விடும்.

எழுதி வைக்காமல் இருப்பது

குடும்ப ஆலைகளில் பாதி அறிவு பெரியவர் ஒருவரின் நினைவில் மட்டுமே இருக்கும். எந்த வரிசைத் திராட்சை தாமதமாகப் பழுக்கும், எந்த டேங்கின் வால்வு சரியாக மூடாது என்பதெல்லாம் அவருக்கு மட்டுமே தெரியும். அவர் அறுவடை நேரத்தில் மருத்துவமனையில் படுத்துவிட்டால், மகனும் மகளும் தடுமாறி நிற்பார்கள். ஒரு தடித்த நோட்டும் பேனாவும் டேங்குகளுக்கு நடுவில் எப்போதும் தொங்கட்டும்.

மே மாதம் லாரி வந்த அந்தக் காலையில், இளைஞரை நோட்டைத் திறக்கச் சொல்லி, அவர் கையாலேயே அழுத்தத்தை ஏற்ற வைத்தேன். ஃபில்டரில் ஒரு குறையும் இல்லை. முப்பத்தைந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினோம். மாலையில் நான் சொல்லாமலே அவர் மறுபடி சோதித்து, இரண்டு அளவீடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கையெழுத்திட்டார்.