முன்பள்ளிப் பிள்ளையின் உடலசைவுத் திறனைக் கணிப்பது எப்படி?

பிள்ளை எவ்வளவு தூரம் பாய்ந்தது என்று அளக்க வேண்டாம். எப்படிப் பாய்ந்தது என்று பாருங்கள். கால் நீண்ட பிள்ளை கோணல்மாணலாகப் பாய்ந்தாலும் தூரம் போய்விடும்.

1. வயதை மாதக் கணக்கில் எழுதுங்கள். 49 மாதப் பிள்ளையும் 58 மாதப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். இருவரையும் "4 வயது" என்று எழுதினால் சின்னது பின்தங்கியதாகத் தெரியும்.

2. இடம். கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் பல முன்பள்ளிகள் வீடுகளில்தான் நடக்கின்றன. ஓட்டத்துக்கு 60 அடி நேர்வெளி வேண்டும். இல்லையென்றால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள். சுவருக்குப் பயந்து பிள்ளை பாதியிலேயே வேகத்தைக் குறைத்துவிடும். இருகால் பாய்ச்சலுக்கு 10 அடி போதும். சப்பாத்தும் சொக்ஸும் வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது. கடற்கரை மணலில் கால் புதையும், அங்கே எடுத்த புள்ளி எதற்கும் உதவாது.

3. செய்துகாட்டுங்கள், திருத்தாதீர்கள். பெரும்பாலான கணிப்புகள் கெடுவது இங்கேதான். ஒருமுறை பாய்ந்து காட்டுங்கள். பிள்ளை ஒருமுறை பழகட்டும். அடுத்த இரண்டு முயற்சிகளுக்கு மட்டும் புள்ளி. அமெரிக்க ஆய்வாளர் டேல் உல்ரிச் உருவாக்கிய டிஜிஎம்டி (TGMD) சோதனையின் ஒழுங்கு இதுதான்; ஓட்டம், பாய்ச்சல் போன்ற பெருந்தசை அசைவுகளைக் கணிக்கும் சோதனை அது. பாய்ச்சலில் பார்க்க வேண்டியவை நான்கு: முழங்கால் மடங்கிக் கைகள் பின்னே போகின்றனவா, பாயும்போது கைகள் தலைக்கு மேலே நீள்கின்றனவா, இரண்டு காலும் ஒன்றாக எழும்பி ஒன்றாகப் பதிகின்றனவா, இறங்கும்போது கைகள் கீழே வருகின்றனவா. ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 0. இரண்டு முயற்சிக்கும் சேர்த்து 8. இடையில் "காலை மடக்கு மகன்" என்று சொன்னால் நீங்கள் கணிப்பது அவன் சொல் கேட்பதைத்தான். வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைக்கு வாய்ச்சொல் இன்னும் குழப்பம்.

பக்கவாட்டில் நின்று, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் போனை வைத்து வீடியோ எடுங்கள், பெற்றோரிடம் கேட்டுவிட்டு. நேரில் பார்த்துப் புள்ளி போட்டால் கையைப் பார்க்கையில் கால் தப்பிவிடும்.

4. கைவேலை. பென்சிலை மேசை நடுவில் வையுங்கள். "சோத்துக் கையால் பிடி" என்று யாரும் சொல்லக் கூடாது. 3 வயதில் வட்டம், 4 வயதில் கூட்டல் குறி, 5 வயதுக்குள் சதுரம் பார்த்து வரைவது வழக்கம். ஏற்கெனவே வரைந்த அட்டையைத்தான் காட்ட வேண்டும். உங்கள் கை ஓடுவதைப் பார்த்து வரைவது அதைவிட இலகு. இடக்கைப் பிள்ளைக்கு வலக்கைக் கத்தரிக்கோல் கொடுத்தால் கடதாசி வெட்டுப்படாமல் மடியும். அது பிள்ளையின் குறையல்ல.

5. பெருந்தசைப் புள்ளியையும் கைவேலையையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். டிஜிஎம்டியின் ஒப்பீட்டு அட்டவணை அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து வந்தது. அதே பிள்ளையை 3 மாதம் கழித்து அதே தரையில் பார்த்து ஒப்பிடுவதே மேல்.

தரையிலிருந்து எழும்பத் தொடையில் கையூன்றி ஏறும் பிள்ளை, ஒரு பக்கக் கைகாலை மட்டும் குறைவாகப் பாவிக்கும் பிள்ளை, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாத பிள்ளை என்றால் அந்த 3 மாதம் காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டோடு உடனே வைத்தியரிடம் போங்கள். வீடியோவையும் கொண்டுபோங்கள், புது அறையில் பிள்ளை அதைச் செய்துகாட்டாமல் அம்மாவின் மடியிலேயே இருந்துவிடலாம்.