பழைய கைத்தையல் போர்வை கிடைச்சா ஊறப் போடாதீங்க, முதல்ல திருப்பிப் பாருங்க

பரண்லயோ டிரங்குப் பெட்டிலயோ பழைய சேலைய அடுக்கடுக்கா வச்சு கையாலயே தச்ச போர்வை ஒண்ணு கிடைச்சா நம்மாளுங்க மொத வேலையா சோப்பு பவுடர்ல ஊறப் போட்டுருவாங்க, தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. அது எந்த ஊரு வேலைன்னு மொதல்ல பாக்கணும். நம்ம ராமநாதபுரம் கடக்கரைல கீழக்கரை, தொண்டி பக்கம் சபர் போன, அதாவது கடல் கடந்து பொழைக்கப் போன குடும்பம்னா எங்கெங்கயோ இருந்து துணிமணி வந்து சேந்திருக்கும், அதனால எல்லாமே நம்ம ஆச்சி தச்சதுன்னு சொல்லிட முடியாது.

திருப்பிப் போட்டு பின்பக்கத் தையலப் பாருங்க. வெள்ளை வேட்டி, சேலை அடுக்குல பொடிப்பொடியா ஓட்டுத்தையல் போட்டு, நடுவுல தாமரை, நாலு மூலைலயும் மரமோ மாங்காயோ இருந்தா அது வங்காளத்து காந்தாவா இருக்கலாம், அந்தக் காலத்துல சேலைக் கரைலருந்து நூல உருவியே தைப்பாங்க. கலர் கலர் ஒட்டுத்துணிய ஓரத்துல ஆரம்பிச்சு உள்நோக்கி சுத்திச் சுத்தி தச்சிருந்து மூலைல சின்ன மடிப்புத் துணி நீட்டிட்டு இருந்தா அது வட கர்நாடகத்துல இருக்குற ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி மக்களோட கவந்திங்கிற போர்வை, அந்த மூலைத் துணிக்கு பூலான்னு பேரு, அது இல்லாம போர்வைய முழுசா முடிஞ்சதாவே அவங்க நினைக்க மாட்டாங்க. நடுவுல ஒரு சதுரம், பெரும்பாலும் சிவப்பு, அதச் சுத்தி நீளப் பட்டைகளா இருந்தா அமெரிக்காவோட லாக் கேபின் பேட்டர்ன். இது எதுவுமே இல்லாம நேர் நேரா நீளத் தையல் மட்டும் ஓடுதா, அப்ப வீட்டுத் தேவைக்கு தச்சதுதான், அதுக்கு பேரும் வேணாம், ஆன்லைன்ல விக்கிறவங்க மாதிரி எதப் பாத்தாலும் காந்தான்னு சொல்லவும் வேணாம்.

வயசு தெரியணும்னா பின்னாடி தொங்குற ஒரு நூல் பிசிறு போதும், அத வெட்டித் தனியா எடுத்துப் போயி கொளுத்துங்க. காகிதம் எரியுற வாசம் வந்து சாம்பலாச்சுன்னா பருத்தி, உருகி கெட்டியா உருண்டையாச்சுன்னா பாலியஸ்டர், பாலியஸ்டர் 1950களுக்கு அப்புறம்தான் பரவலா வந்துச்சு. ஆனா பிற்பாடு யாராவது ரிப்பேர் பண்ணின நூலாவும் இருக்கலாம், அதனால ரெண்டு மூணு இடத்துல பாத்துட்டு சொல்லுங்க.

அழுக்குக்கு, வேக்குவம் கிளீனர் வாய்ல கொசுவலைத் துணியக் கட்டி குறைஞ்ச வேகத்துல மெதுவா இழுத்தாலே பாதி போயிரும். துவைச்சே ஆகணும்னா ஈரப் பஞ்ச ஒவ்வொரு கலர்லயும் கொஞ்ச நேரம் அழுத்திப் பாருங்க, முக்கியமா சிவப்புலயும் கறுப்புலயும், சாயம் ஒட்டுனா அதோட நிறுத்திருங்க. ஒட்டலன்னாலும் நம்ம ஊரு உப்புத் தண்ணி வேணாம், சோப்பே நுரைக்காத தண்ணில அலசினா உப்பு துணிலயே தங்கி ஈரத்த இழுத்துக்கிட்டே கிடக்கும். பிடிச்சு வச்ச மழைத் தண்ணியோ கேன் தண்ணியோ போதும். நனைஞ்ச போர்வை பயங்கர கனம், தூக்கினா பழைய தையல் பட்டுனு விட்டுரும், அடில ஒரு பெட்ஷீட்டப் போட்டு ரெண்டு பேரா ஏந்தி எடுங்க, பிழியாதீங்க, கொடில போடாதீங்க, கயித்துக் கட்டில்ல விரிச்சு நிழல்ல காய விடுங்க. சன்னல் கம்பியத் தொட்டா பிசுபிசுங்கிற நாள்ல இந்த வேலையே வேணாம்.

வைக்கிற எடம்தான் நம்ம கடக்கரைல பெரிய தலைவலி. இரும்புப் பெட்டி உப்புக்காத்துல துருப்பிடிக்கும், துருக்கறை போறது ரொம்ப கஷ்டம், அது இருக்குற எடத்துல பருத்தியே இத்துப் போயிரும். பிளாஸ்டிக் கவர்ல கட்டுனா உள்ள பூஞ்சை. கஞ்சி இல்லாத காடா துணிய நல்லா அலசிக் காயவச்சு அதுல சுத்துங்க, கஞ்சி இருந்தா ராமபாணப் பூச்சிக்கு நாமளே விருந்து வச்ச மாதிரி. வசம்பு, காஞ்ச வேப்பிலைன்னு போடுறவங்க சின்னப் பையில கட்டி துணில படாம வைங்க, கறை பிடிக்கும். மடிச்சு வச்சா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மடிப்ப மாத்துங்க, ஐப்பசி கார்த்திகை மழைல அடிக்கடி தெறந்து பாருங்க.

கிழிஞ்ச துண்ட வெட்டித் தூக்கிப் போட்டு புதுசு வைக்காதீங்க, மேல மெல்லிசான வலைத்துணியப் போட்டு சுத்தி உரமா இருக்குற எடத்துல பருத்தி நூலால தச்சுவிடுங்க. பசை வேணவே வேணாம். யாரு தச்சது, யாரு சேலைன்னு தெரிஞ்சா தனி நாடாத் துணில பென்சில்ல எழுதி ஓரத்துல லேசாத் தச்சு வைங்க, பேனாவால போர்வை மேலயே எழுதி வைக்கிற ஆளுங்களும் இருக்காங்க.