பச்சை வாசம் பூவாக மாறும் நேரம்: ஒரு பர்ஃப்யூமைத் தோலில் கவனிப்பது எப்படி?

பச்சை மலர் வகை பர்ஃப்யூமை முதல் தடவை முகர்ந்ததும் பலர் முகம் சுளித்துவிடுகிறார்கள். கிள்ளிய தண்டுபோலக் கசப்பாக, கூர்மையாக இருக்கும். அங்கேயே பாட்டிலைக் கீழே வைத்துவிட்டால் அடுத்து வரும் பூ வாசத்தைப் பார்க்காமலே போய்விடுவோம். ஒரு முழு நாளை ஒரே பர்ஃப்யூமுக்கு ஒதுக்குங்கள். அன்று வேறு எந்த வாசனையும் வேண்டாம்.

படி 1: தோலைத் தயார் செய்வது

வாசனை இல்லாத சோப்பால் கையைக் கழுவித் துடையுங்கள். வறண்ட தோலில் வாசனை சீக்கிரம் போய்விடும். உங்களுக்கு அப்படிப்பட்ட தோல் என்றால், மணமில்லாத லோஷனை மெல்லத் தடவிக்கொள்ளுங்கள்.

படி 2: ஒரே ஒரு ஸ்ப்ரே

முழங்கையின் உள்மடிப்பில் ஒரு தடவை அடியுங்கள். ஒரு துண்டுக் காகிதத்திலும் அடித்துத் தனியே வையுங்கள்; அது பிறகு தேவைப்படும். ஆல்கஹால் பறக்க அரை நிமிடம் விடுங்கள்.

தேய்க்காதீர்கள். தேய்த்தால் மூலக்கூறுகள் உடைந்துவிடும் என்று சொல்வார்கள், அப்படியெல்லாம் உடையாது. ஆனால் அந்தச் சூட்டில் லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். நாம் பார்க்க வந்ததே அவற்றைத்தான்!

படி 3: முதல் கால் மணி நேரம்

இப்போது வருவது பச்சை. புல்லை வெட்டும்போது எழும் வாசத்துக்குப் பெரிய காரணம் சிஸ்-3-ஹெக்ஸெனால் என்ற பொருள். பர்ஃப்யூமிலும் அதே பொருளைச் சேர்ப்பார்கள். மிக லேசானது என்பதால் முதலில் கிளம்புவதும் அதுதான்.

அதற்கு அடியில் கசப்பாக ஒன்று நின்றால் அது பெரும்பாலும் கல்பனம். பெருங்காயச் செடிக்கு உறவான, ஈரானில் வளரும் ஒரு செடியின் பிசின் அது. குடைமிளகாயை நறுக்கினால் வரும் பச்சை வாசத்துக்குக் காரணமான பைரசின் என்ற அதே பொருள் இதிலும் இருக்கிறது. பர்ஃப்யூம் கலைஞர் ஜெர்மேன் செல்லியர் 1947இல் உருவாக்கிய வான் வேர் பர்ஃப்யூமில் யாரும் துணியாத அளவுக்குக் கல்பனத்தைச் சேர்த்தார். பச்சை வாசம் ஒரு பர்ஃப்யூமையே தாங்கும் என்று காட்டியது அதுதான். அந்தத் துணிச்சல்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

படி 4: கைமாறும் நேரம்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சுமார் இருபதாவது நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை முகர்ந்து, தோன்றுவதை ஒரே சொல்லில் எழுதிவையுங்கள்: ஈரம், சோப்பு, தேன், வெள்ளரி, எதுவானாலும் சரி. பச்சை சட்டென்று மறையாது. இலைகளுக்கு நடுவே பூ தலைகாட்டுவதுபோல இரண்டும் சேர்ந்து கொஞ்ச நேரம் நிற்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

பல பர்ஃப்யூம்களில் இங்கே வருவது லில்லி ஆஃப் தி வேலி. வெள்ளை மணிபோன்ற இந்தச் சிறு பூவிலிருந்து பயன்படும் அளவுக்கு எண்ணெய் எடுக்க முடியாது. அதனால் ஹைட்ராக்ஸிசிட்ரோனெலால் போன்ற பொருள்களை வைத்துத்தான் அந்த மணத்தை உருவாக்குகிறார்கள். பர்ஃப்யூம் கலைஞர் எட்மண்ட் ருட்னிட்ஸ்கா 1956இல் செய்த டியோரிஸிமோ என்ற பர்ஃப்யூம் இதற்குப் பெயர்போனது.

விடாமல் முகர்ந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகிவிடும். வாசனையே போய்விட்டதாகத் தோன்றும். மூக்கைத் தெளியவைக்கப் பர்ஃப்யூம் கடைகளில் நீட்டும் காப்பிக்கொட்டையைத் தேட வேண்டாம், வெளிக்காற்றில் ஐந்து நிமிடம் நடந்தால் போதும்.

படி 5: நான்கு மணி நேரத்துக்கு அப்புறம்

பூ தணிந்து, தோலோடு ஒட்டிய ஏதோ ஒன்று மிஞ்சும்: வெட்டிவேர், ஓக் மரப்பாசி, மஸ்க் என்ற கஸ்தூரி மணம். கனமான மூலக்கூறுகள் என்பதால் மெதுவாகவே ஆவியாகின்றன. சேனல் நம்பர் 19 என்ற பர்ஃப்யூமில் கல்பனம், ஐரிஸ் என்ற பூச்செடி வேரின் பவுடர் மணத்துக்கு வழிவிட்டு, கடைசியில் வெட்டிவேரும் தோல்பொருள் வாசமும் நிற்கும். ஒன்றுமே தெரியவில்லையா? சில மஸ்க் வகைகள் சிலருடைய மூக்குக்கு எட்டவே எட்டாது. பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டி முகரச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் காகிதத்தை எடுங்கள். அதற்கு உடல் சூடு கிடையாது. அதனால் உங்கள் கையில் எப்போதோ மறைந்த கல்பனத்தின் கசப்பு அதில் இன்னும் லேசாக இருக்கக்கூடும். கையை ஒரு தடவை, காகிதத்தை ஒரு தடவை என்று மாறிமாறி முகர்ந்து பாருங்கள்.