கல்லாவில் உட்காரும் முன்: கம்பிக்கடை நடத்தும் ஒரு கிறிஸ்தவன் தம்பிமாருக்குச் சொல்வது

பாளையங்கோட்டையில் எங்கள் அப்பா தொடங்கிய கம்பி, சிமெண்ட், பெயிண்ட் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். சபையில் புதிதாகத் தொழில் தொடங்குகிற தம்பிமார் வந்து, "அண்ணாச்சி, யாவாரத்துல கிறிஸ்தவனா இருக்கது எப்படி?" என்று கேட்பார்கள். கேட்க வருவதற்குள் பெரும்பாலும் போர்டு எழுதி முடித்திருப்பார்கள். யெகோவாயீரே டிரேடர்ஸ், எபினேசர் ஹார்டுவேர்ஸ் என்று வேதத்தில் இருந்து எடுத்த பேர்கள். தப்பில்லை. ஆனால் அந்தப் பேரைப் போட்டுவிட்டு எடையில் கைவைத்தால், கெடுவது உங்கள் பேர் மட்டும் இல்லை. போர்டு இருக்கட்டும், முதலில் ஒரு நோட்டு வாங்கி, எதைச் செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்று எழுதி வையுங்கள். எதிரே ஆள் நின்று அவசரப்படுத்தும்போது யோசித்து நல்ல முடிவு எடுக்கிற அளவுக்கு நம்மில் யாரும் பரிசுத்தவான் இல்லை.

நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். நான் செய்யப்போகிற ஏற்பாட்டில் யார் பணம் போகிறதோ, அவர் பக்கத்தில் நிற்கும்போதே இதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். தொண்டையில் நிற்கிறதென்றால் விட்டுவிடுங்கள்.

எடையில் இருந்து தொடங்குவோம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற நீதிமொழிகள் 11:1 எல்லாருக்கும் மனப்பாடம். அதைவிட எங்கள் தொழிலைக் குத்துவது உபாகமம் 25:13. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதமான நிறைகல், அதாவது எடைக்கல், வைத்திருக்காதே என்கிறது. இந்தக் காலத்தில் யார் இரண்டு கல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கம்பிக்கடையில் இருக்கிறது.

கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.395 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று 4.74 கிலோ. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1786, 10 எம்எம் வரையிலான கம்பிகளுக்கு 7 சதவீதம் வரை எடை கூடலாம், குறையலாம் என்று அனுமதிக்கிறது. ஆகவே மெலிந்த கம்பி வந்தாலும் சட்டப்படி சரக்கு சரக்குதான். கடைக்காரர் அதை எடைமேடைச் சீட்டுப்படி, உள்ள எடைக்குக் காசு கொடுத்து வாங்குகிறார். விற்கும்போது, "ஒரு கம்பி 4.74 கிலோ, நூறு கம்பி இவ்வளவு" என்று எண்ணிக் கொடுக்கிறார். வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். நூறு கம்பியில் 33 கிலோ வரை இப்படிக் காணாமல் போகும். கிலோ 60 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 2,000 ரூபாய். யாரும் திருடவில்லை, எந்த அதிகாரியும் பிடிக்கமாட்டார். இன்றைய கள்ளத்தராசு இந்த வடிவில்தான் வரும்.

இதற்கு வழி எளிது. எந்த எடையில் வாங்கினீர்களோ அந்த எடையில் விற்க வேண்டும். முத்திரை போட்ட மேடைத் தராசு கடைவாசலில் இருக்கட்டும், உள்ளே குடோனில் வேண்டாம். கம்பிக் கட்டைத் தராசில் ஏற்றிய பிறகு, அதில் தெரியும் எடையை வாங்குபவரே படிக்கட்டும். பில்லில் கிலோவும் இருக்கட்டும், கம்பி எண்ணிக்கையும் இருக்கட்டும். விலைக்கு என்ன செய்வது என்பீர்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடச் சொல்லித்தான் ஆகவேண்டும். பக்கத்துக் கடையில் குறைவு என்பார்கள். அப்போது கால்குலேட்டரை அவர் கையில் கொடுத்து அந்த 162 கணக்கைப் போட்டு, தராசில் வரும் எடையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பாதிப்பேர் அப்படியும் போய்விடுவார்கள், அதையும் கணக்கில் வைத்தே கடை திறக்க வேண்டும். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டாமா என்று லூக்கா 14இல் இயேசு கேட்பது நமக்கும்தான்.

அடுத்தது கமிஷன். கட்டுமானத் தொழிலில் ஆளை விழத்தட்டுவது லஞ்சத்தைவிட இதுதான். வீட்டுக்காரர் பெயிண்ட் அட்டையைப் புரட்டிக்கொண்டிருப்பார். கொத்தனார் மெல்லக் கல்லா பக்கம் சாய்ந்து, "அண்ணாச்சி, நமக்கு உள்ளதப் பாத்துப் போட்டுக்கிடுங்க" என்பார். அர்த்தம், பில்லில் இரண்டு மூன்று சதவீதம் ஏற்றி, சாயங்காலம் அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. கடை தேடி அலைந்திருக்கிறார், சரக்கை நின்று இறக்கப்போகிறார், அதற்கு வீட்டுக்காரர் தனியாக எதுவும் தருவதில்லை. ஆகவே உத்தமன் மாதிரி அவரைத் திட்டி அனுப்பாதீர்கள்.

நான் செய்வது இது. அங்கேயே, வீட்டுக்காரர் காதில் விழும்படி, "மேஸ்திரி, உங்க அலைச்சலுக்கு நான் என் லாபத்துல இருந்து ஐநூறு ரூபா தாரேன், சார் கிட்டயும் சொல்லிருதேன்" என்பேன். சில கொத்தனார்கள் சிரித்து வாங்கிக்கொள்வார்கள். சிலர் முகம் கறுத்து, அடுத்த வேலைக்கு வேறு கடைக்குப் போவார்கள். பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்ட் அடிப்பவருக்கென்று கம்பெனியே போடுகிற பரிசு டோக்கன் வேறு சங்கதி, அது ஊரறிந்தது, வீட்டுக்காரர் கேட்டாலும் மறைக்க ஒன்றுமில்லை. கமிஷன் கொடுக்காத கடை கொத்தனாருக்கு வேறு விதத்தில் பயன்பட வேண்டும். மிஞ்சின பிரிக்காத சரக்கை முகம் சுளிக்காமல் திரும்ப எடுங்கள். சொன்ன நேரத்துக்கு வண்டி போகட்டும். காலை எட்டு மணிக்குச் சிமெண்ட் வராமல் நாலு சித்தாள் சும்மா உட்கார்ந்தால் அவருக்கு ஆகிற நட்டம் உங்கள் கமிஷனைவிடப் பெரிது. எங்கள் கடையை விடாமல் பிடித்திருக்கும் மேஸ்திரிகள் இதற்காகத்தான் வருகிறார்கள், என் பக்திக்காக இல்லை.

பழைய சிமெண்ட் சின்ன விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மூட்டையில் தயாரித்த வாரமும் வருடமும் அச்சாகியிருக்கும். மூன்று மாதம் தாண்டினதைச் சோதிக்காமல் கான்கிரீட்டுக்குக் கொடுக்கக் கூடாது. பழையதை முன்னால் அடுக்கி முதலில் தள்ளுங்கள். தப்பித்தவறி நின்றுவிட்டால், வயதைச் சொல்லி, விலை குறைத்து, பாரம் தாங்காத வேலைக்கு மட்டும் கொடுங்கள். கட்டி பிடித்ததைக் குப்பையில் போடுங்கள்.

கூலி விஷயத்தில் வேதம் சுற்றி வளைப்பதில்லை. வேலைசெய்த அன்றே, பொழுது போகுமுன்னே கொடு என்கிறது உபாகமம் 24:15. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. லோடு இறக்குகிறவர்களிடம் "சில்லறை இல்ல, நாளைக்கு வாங்கிக்கோ" என்பது எங்கள் தெருவில் சர்வசாதாரணம். காலையில் கல்லா திறந்ததும், முதலில் வரும் பணத்தில் அன்றைய கூலியைத் தனி டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள். கம்பெனிக்குக் கட்டும் செக்கைக்கூட ஒரு நாள் தள்ளலாம், பேசிக்கொள்ளலாம். சுமை தூக்கினவர் வீட்டில் அரிசியைத் தள்ள முடியாது.

மாதச் சம்பளக்காரர்கள் கதை இன்னும் நுட்பமானது. பத்துப் பேர் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வரும், இருபது பேர் இருந்தால் பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதி வரும். அதனால் பதினொரு பேர் வேலைபார்க்கிற கடையில் பதிவேட்டில் ஒன்பது பேரோடு நிறுத்துவார்கள். இஎஸ்ஐக்கு முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம்தான். அதை மிச்சம் பிடித்துவிட்டு, பையனுக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய் ஜெபம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் நல்லது. இஎஸ்ஐ கார்டு இருந்திருந்தால் இன்னும் நல்லது. வேலையாட்களுக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தமே வந்தது. இதற்குச் சட்டம் தேவைப்பட்டதே என்று கடைக்காரர்கள் வெட்கப்பட வேண்டும்.

இன்னொன்று, நம் சபைகளில் யாரும் வாய் திறக்காதது. ஆள் எடுக்கும்போது "நம்ம ஆளா?" என்ற கேள்வி. விசுவாசி என்று பேர் வைத்துக்கொண்டு, உள்ளே சாதிதான் பார்க்கிறோம். யாக்கோபு இரண்டாம் அதிகாரம் பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் கந்தை கட்டினவனுக்குக் காலடியும் கொடுப்பதைக் கண்டிக்கிறதே, கல்லாவில் யார் உட்காரலாம், லோடு யார் தூக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானிக்கிற கடைக்கு அந்த அதிகாரம் அப்படியே பொருந்தும். கல்லா பார்க்கிற பையனைத் தேர்ந்தெடுக்கும் முன், லோடு தூக்குகிறவர்களில் கணக்கு வருகிறவர் உண்டா என்று பாருங்கள். காலை ஜெபத்தை நீங்கள் செய்யுங்கள், மற்ற மதத்தாரைக் கட்டாயமாக நிறுத்திவைக்காதீர்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் கேட்குமுன் லீவு சொல்லுங்கள்.

பாக்கி வசூலுக்கு மத்தேயு 18:15 போதும். முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் கடன்காரரை மடக்காதீர்கள். தனியாகப் பேசி, எழுதி வாங்கி, முடிந்த தவணையைக் கேளுங்கள். இரண்டாவது முறை போகும்போது இருவருக்கும் தெரிந்த ஒருவரை அழைத்துப்போங்கள். கொடுக்கவே முடியாதவர் என்று தெரிந்துவிட்டால் நோட்டில் கோடு போட்டு மூடிவிடுங்கள், ஊரெல்லாம் சொல்லித் திரியாதீர்கள்.

கடைசியாகப் பில். "பில் வேண்டாம், வரியைக் கழிச்சுப் போடுங்க" என்று கேட்பவர்களில் சபை மூப்பர்களும் உண்டு. ஆலயக் கட்டுமானத்துக்கே அப்படிக் கேட்டு வந்தார்கள். "கர்த்தருடைய வேலைதான, தம்பி" என்றார் ஒரு பெரியவர். ரோமர் 13:7 வரியைச் செலுத்தச் சொல்கிறது, கோயிலுக்கு விதிவிலக்கு எதுவும் போடவில்லை. அவரிடம் அதை எடுத்துப் பிரசங்கம் பண்ண எனக்குத் தைரியமும் இல்லை, தேவையும் இல்லை. முழுப் பில் போட்டேன். என் லாபத்தைக் காணிக்கையாக எழுதி ரசீது கேட்டேன். ரசீது வர ஆறு மாதம் ஆயிற்று.